மூன்றாவது பெயர்

"பென்சிலைக் கீழ வை, ஹால்வர்."

டோர்டிஸ் கத்தவில்லை. அடுப்பில் காப்பி கொதித்துக்கொண்டிருந்தது. சமையலறை மேஜையில் அவள் புருஷன் கட்சியின் ஓட்டுச்சீட்டை விரித்துவைத்து, மூன்றாவது பெயரின் மேல் பென்சிலை ஊன்றியிருந்தான். மூன்றாவது பெயர் அவளுடையது. பக்கத்து வீட்டுக்காரி நான், ஜன்னல் திறந்திருந்தது.

1963. நார்வேயின் வடகோடியில் எங்கள் தீவில் ஊராட்சித் தேர்தல் என்றால் இப்படித்தான். வேட்பாளர் வரிசை அச்சடித்த சீட்டு வீட்டுக்கே வந்துவிடும். பிடிக்காத பெயரை அடித்துவிட்டுப் பெட்டியில் போடலாம். கட்சிக்கு ஓட்டு விழும், ஆளுக்கு வெட்டு விழும். சட்டமே செய்துகொடுத்த வசதி!

"உம்மேல கோவம் இல்லடி," என்றான் ஹால்வர். "நீ ஜெயிச்சா வாரத்துக்கு ஒரு கூட்டம்னு கிளம்பிடுவ. நான் மீன் பிடிச்சுட்டு வந்து நானே உருளைக்கிழங்கு வேக வைக்கணுமா? 'மேடம் இன்னிக்கும் வீட்ல இல்லையா?'ன்னு துறையில இப்பவே சிரிக்கிறானுங்க."

"ரன்வெய்க் செத்தப்ப எவன்டா சிரிச்சான்?"

ரன்வெய்க் அவள் தங்கை. பிரசவ வலியோடு திறந்த படகில் அக்கரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும்போது, நவம்பர் அலையில், வயிற்றுப் பிள்ளையோடு போய்ச் சேர்ந்தாள். அதற்கப்புறம்தான் டோர்டிஸ் கட்சியில் சேர்ந்தாள். பதினோரு வருஷமாக அவள் கேட்டது ஒன்றே ஒன்று: தீவிலேயே தங்கியிருக்க ஒரு மருத்துவச்சி. கேட்கும்போதெல்லாம் ஊராட்சி மன்றம் துறைமுகத்தில் அலைதடுப்புச் சுவர் கட்டத் தீர்மானம் போட்டது. சுவர் இப்போது இரண்டு. மன்றத்துக்குள் தானே போய் உட்கார்ந்தால்தான் நடக்கும் என்று அவளுக்குப் புரிந்துவிட்டது.

"அதான் கட்சித் தலைவர் இங்வால்ட் இருக்காரே, அவர்கிட்ட சொல்லேன்," என்றபடி ஹால்வர் கோடு போட்டான். ஸ்கேல் வைத்துப் போட்டான், பாவி.

தேர்தலுக்கு மறுநாள் பள்ளிக்கூடத்தில் ஓட்டு எண்ணினார்கள். கட்சியில் கையெழுத்து அழகாக இருப்பவள் டோர்டிஸ் ஒருத்தி, அதனால் எழுதும் வேலை அவளுக்கே. வாத்தியார் சீட்டைப் பிரித்து, "மூணாவது பேர் அடிச்சிருக்கு" என்பார். அவள் தன் பெயருக்கு எதிரே ஒரு கோடு போட வேண்டும். நாற்பது சீட்டுக்கு மேல் வாத்தியாருக்கே சலித்துவிட்டது. "அதே," என்றார். "அதே. அதே." பின்னால் யாரோ சிரித்தார்கள்.

இருநூற்றுப் பதினேழு கோடுகள். கட்சிக்கு ஆறு இடம். பதினோராவது பெயர்க்காரன், ஒரு கூட்டத்துக்கும் வராதவன், உள்ளே போனான். அவள் வெளியே.

தீவில் ஓட்டுள்ள ஆண்களே நூற்றறுபது பேர்தான். மீதிக் கோடுகளில் ஒன்று நான் போட்டது. புருஷன் பக்கத்தில் நின்று மிரட்டினான் என்று சொல்லிக்கொள்ளலாம். அவன் அன்றைக்குக் கடலில் இருந்தான்.

"மனசுல வச்சுக்காத டோர்டிஸ்," என்றார் இங்வால்ட், கோட்டை மாட்டிக்கொண்டே. "மறைக்காம சொல்றேன், நானும்தான் அடிச்சேன். நீ மன்றத்துக்குப் போயிட்டா கட்சி வேலைய யாரு பாக்குறது? ஆங், ஞாயித்துக்கிழமை நன்றிக் கூட்டம். பேச்சு எழுதிக் குடுத்துடு."

"குடுக்குறேங்க."

அவருடைய பேச்சு எல்லாம் அவள் எழுதியதுதான். முன்கூட்டிப் படிக்கிற வழக்கம் அவருக்குக் கிடையாது. மேடையில்தான் காகிதத்தையே பிரிப்பார்.

ஞாயிறு மதியம் கூடம் நிரம்பி வழிந்தது. பத்து வரி வழக்கம்போல் முழங்கினார் இங்வால்ட். அப்புறம் வாசித்தார்: "இந்தப் பேச்சை எழுதியவளின் பெயரை நீங்கள் இருநூற்றுப் பதினேழு பேர் அடித்தீர்கள். அதில் ஒரு கோடு என்னுடையது. அவள் கேட்டது ஒரு மருத்துவச்சி. இனி இந்தத் தீவில் எவளாவது படகில் செத்தால்..."

மனிதருக்கு நிறுத்தத் தெரியவில்லை. எழுதிக் கொடுத்ததைப் படித்தே பழகியவர்.

"...அவள் பெயரையும் நாம்தான் அடித்தோம். நன்றி."

பின்வரிசையில் காப்பி ஊற்றிக்கொண்டிருந்த டோர்டிஸ் பானையை அப்படியே வைத்துவிட்டு, யாரையும் பார்க்காமல் வெளியேறினாள். கட்சிக் கூடத்துக்கு அவள் அப்புறம் வரவேயில்லை.

நாங்களோ, நன்றி என்ற சொல் காதில் விழுந்ததும் கை தட்டினோம். ஹால்வர்தான் ஆரம்பித்தான். எனக்கு அப்போது ஏழாம் மாதம். நானும் தட்டினேன்.