பூட்டிய வீட்டுக்கு ஒரு பெருக்கல் குறி

போட்டோக்காரர் தன் வாழ்நாளில் ஒரு வீரச்செயலும் செய்ததில்லை. செய்ய வேண்டும் என்ற ஆசை மட்டும் பழைய வயிற்றுப்புண் மாதிரி அவ்வப்போது தலைகாட்டும். ஆளுக்கொரு செல்போனும் செல்போனுக்கொரு கேமராவும் வந்த பிறகு, அவருடைய ஸ்டுடியோவில் பாஸ்போர்ட் அளவுப் படத்தைத் தவிர வேறு வேலை இல்லை. கடையில் ஈ ஓட்டுவதைவிட ஊருக்கு உழைக்கலாமே என்று காவல் நிலையத்தில் தன்னார்வலராகப் பேர் கொடுத்தார். மஞ்சள் மேல்சட்டை கொடுத்தார்கள், ஒரு விசில் கொடுத்தார்கள். மாட்டிக்கொண்டு கண்ணாடி முன்னால் நின்றபோது தொப்பை சற்று முந்திக்கொண்டு வந்ததே தவிர, மற்றபடி குறை சொல்ல முடியாது.

குறை சொன்னவர் சகலை. போட்டோக்காரரின் மனைவியுடைய அக்காவைக் கட்டியவர். பெயிண்ட் தொழிற்சாலையில் இரவு வேலை பார்ப்பவர். குடும்பமே கூடியிருந்த ஒரு நாளில், "ஏன்யா அரைப் போலீஸு, ஸ்டேஷன்ல உனக்கு டீ குடிக்கிற வேலையா, டீ வாங்கிட்டு வர்ற வேலையா?" என்று கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். அது பரவாயில்லை. போட்டோக்காரரின் மனைவியும் சிரித்துவிட்டாள். அன்றிலிருந்து சகலைகள் இருவருக்கும் பேச்சுவார்த்தை இல்லை. எதிரே வந்தால் ஒருவர் வானத்தைப் பார்ப்பார், மற்றவர் செருப்பைப் பார்ப்பார்.

இந்த நிலைமையில்தான் ஒருநாள் காலையில், பிரதான சாலை வளைவில் சமையல் எரிவாயு ஏற்றிவந்த டேங்கர் லாரி கவிழ்ந்தது. அதன் வால்வு பிய்த்துக்கொண்டது. எரிவாயு கண்ணுக்குத் தெரியாது, மேலேயும் போகாது. தரையோடு தரையாகத் தவழ்ந்து, வாசற்படி ஏறி, கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொள்ளும். அப்புறம் யாராவது ஒரு தீக்குச்சி கிழித்தால் போதும், தெரு இருந்த இடம் தெரியாது.

தீயணைப்பு வீரர்கள் டேங்கரோடு மல்லுக்கட்டினார்கள். பக்கத்துத் தெருக்களைக் காலி செய்யும் வேலை தன்னார்வலர்கள் தலையில் விழுந்தது. பெண் சப்-இன்ஸ்பெக்டர் அவர்களை வரிசையாக நிறுத்தி ஆளுக்கொரு சாக்பீஸ் கொடுத்தார்.

"காலிங் பெல்லைத் தொடாதீங்க, பொறி வந்துடும். கையால தட்டுங்க, கூப்பிடுங்க. எல்லாரும் வெளியே வந்ததும் கதவுல பெருக்கல் குறி போடுங்க. குறி போட்ட வீட்டை அப்புறம் யாரும் திரும்பிப் பாக்க மாட்டாங்க. அதனால பாத்துப் போடுங்க. புரியுதா?"

புரிந்தது. ஆனால் ஒத்திகைகளில் அவர்களுக்குள் ஒரு பழக்கம் ஏற்பட்டிருந்தது. வெளியே பூட்டுத் தொங்கினால் தட்டுவதில்லை. குறியைப் போட்டுவிட்டு அடுத்த வீட்டுக்குப் போய்விடுவார்கள். பூட்டிய வீட்டுக்குள் ஆள் இருக்காது என்பது சின்னக் குழந்தைக்கும் தெரியும். வேகமாக முடித்ததற்காக அவர்களைப் பாராட்டக்கூடச் செய்திருக்கிறார்கள்.

போட்டோக்காரருக்குக் கிடைத்த தெருவின் கடைசி வீடு சகலையின் வீடு. அதை நெருங்க நெருங்க அவருடைய நடை தளர்ந்தது. இத்தனை மாதம் கழித்து முதல் வார்த்தை என்ன பேசுவது? "வெளியே வாங்க" என்பதா, "வெளியே வரவும்" என்பதா? வாசலுக்கு வந்து பார்த்தால் கதவில் பூட்டு. போன உயிர் திரும்பியது. உற்சாகமாக, கொஞ்சம் அழகாகவே, ஒரு பெருக்கல் குறி போட்டுவிட்டுத் திரும்பினார்.

தெருமுனைக்கு அப்பால், பேருந்து நிறுத்தத்தருகே கயிறு கட்டி எல்லோரையும் நிறுத்தியிருந்தார்கள். அந்தக் கூட்டத்தை விலக்கிக்கொண்டு சகலையின் மனைவி காய்கறிப் பையோடு வந்தாள்.

"என்ன தம்பி, தெருவுக்குள்ள விடமாட்டேங்கிறாங்க?"

"கேஸ் கசியுதுக்கா. எல்லாரையும் வெளியேத்தியாச்சு. உங்க வீட்டையும் பாத்தாச்சு, பூட்டியிருந்துச்சு."

"பூட்டினதே நான்தானே. அவரு உள்ளே தூங்குறாரு."

போட்டோக்காரர் அவளைப் பார்த்தார்.

"வெளியே பூட்டிட்டா?"

"நைட் டியூட்டி முடிச்சு வந்து இப்பத்தான் படுத்தாரு. கூரியர்காரன், சோப்பு விக்கிறவன்னு ஒவ்வொருத்தனா வந்து தட்டி எழுப்பிடுறான். பூட்டு தொங்கினா ஒருத்தனும் தட்டமாட்டான் பாருங்க, அதான்."

ஒருத்தனும் தட்டவில்லைதான். யோசனை பிரமாதமாக வேலை செய்திருந்தது.

அவர் சப்-இன்ஸ்பெக்டரிடம் ஓடினார். "மேடம், அந்தக் கடைசி வீடு… உள்ளே ஆள் இருக்கு. குறி போட்டது நான்தான். தட்டாம போட்டுட்டேன்."

சப்-இன்ஸ்பெக்டர் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலாம் போலிருந்தது. வயர்லெஸ்ஸில் தீயணைப்பு வீரர்களிடம் பேசினார். தண்ணீர்க் குழாயை வேறு கைக்கு மாற்றிவிட்டு இரண்டு பேர் வருகிறோம் என்று பதில் வந்தது.

"கரண்ட்டை நிறுத்தியாச்சு மேடம்" என்றார் அப்போதுதான் வந்த மின்வாரிய ஊழியர், நல்ல செய்தி சொல்லும் குரலில்.

"ஐயோ" என்றாள் சகலையின் மனைவி. "ஃபேன் நின்னா அவருக்கு ஒரு நிமிஷம் தூக்கம் வராதே. எழுந்திரிச்சுருவாரு."

"எழுந்தா நல்லதுதானேம்மா" என்றார் சப்-இன்ஸ்பெக்டர்.

"எழுந்ததும் கட்டில்ல உக்காந்தபடியே ஒரு சிகரெட் பத்த வைப்பாருங்க. நானும் கத்திக் கத்தி ஓஞ்சுட்டேன்."

"கேஸ் வாசனை தெரியாதா அவருக்கு?"

"எங்க தெரியுது? பெயிண்ட் கம்பெனிலயே இருந்து மூக்கு செத்துப்போச்சு. அடுப்புல பால் தீஞ்சாக்கூட அவருக்குத் தெரியாது. செல்போனையும் அணைச்சுட்டுத்தான் படுப்பாரு."

போட்டோக்காரர் தன் செல்போனை எடுத்து அவளிடம் கொடுத்துவிட்டு, அவள் கையிலிருந்த சாவிக்கொத்தை வாங்கிக்கொண்டார். கயிற்றுக்கு அடியில் குனிந்தார். "ஐயா, நில்லுங்க!" என்று சப்-இன்ஸ்பெக்டர் கத்தியது காதில் விழுந்தது. நிற்க வேண்டும் என்றுதான் அவரும் நினைத்தார். கால்கள் கேட்கவில்லை.

தெரு அவருக்குப் பழக்கமில்லாத தெருவாக மாறியிருந்தது. எங்கும் ஒரு சத்தமில்லை. ஒரு கொடியில் துணி மட்டும் ஆடியது. அழுகிய முட்டை நாற்றம் தொண்டையைப் பிடித்தது. இரண்டு பக்கமும் கதவுக்குக் கதவு அவருடைய கையால் போட்ட குறிகள். தான் ஓடும்போது செருப்பு கல்லில் உரசித் தீப்பொறி வருமோ என்று ஒரு பயம் வந்தது. ரப்பர் செருப்பில் எங்கே தீப்பொறி வரும் என்று அறிவு சொன்னது. அவர் செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு ஓடினார்.

கதவுக்குப் பக்கத்து ஜன்னல் திறந்திருந்தது. கம்பி வழியாகப் பார்த்தார். சகலை கட்டிலில் உட்கார்ந்திருந்தார். உதட்டில் சிகரெட். ஒரு கையில் தீப்பெட்டி, மறு கையில் குச்சி.

போட்டோக்காரரின் வாயிலிருந்து, இருபது வருடத் தொழில் தானாகவே வெளியே வந்தது.

"அப்படியே ஆடாம இருங்க!"

சகலை ஆடாமல் இருந்தார். தாடையைக்கூட லேசாக உயர்த்தினார். அப்புறம்தான் ஜன்னல் பக்கம் திரும்பினார்.

"யாரு? அட, அரைப் போலீஸா! கையில என்னய்யா, செருப்பா? செருப்பைத் தூக்கிக்கிட்டு வந்து ஜன்னல்ல நின்னு மிரட்டுறியா?"

போட்டோக்காரர் செருப்பைக் கீழே போட்டார். பதற்றத்தில் இருக்கும் மக்களிடம் உறுதியான குரலில் பேச வேண்டும் என்று பயிற்சியில் சொல்லியிருந்தார்கள். "தீக்குச்சியைக் கீழே போடுங்க. இது போலீஸ் உத்தரவு!"

இதைவிடத் தப்பான ஒரு வாக்கியத்தைத் தேடினாலும் கிடைத்திருக்காது.

"என் வீடு, என் கட்டில், என் சிகரெட்டு. உத்தரவு போட நீ யாருய்யா?" குச்சி தீப்பெட்டியின் விளிம்புக்குப் போனது.

"அண்ணே, வேண்டாம்! டேங்கர் கவுந்துடுச்சு. கேஸ் கசியுது. வீடு பூரா கேஸ்."

"எனக்கு ஒண்ணும் நாறலையே."

"உங்களுக்கு எதுதான் நாறியிருக்கு!"

சொன்ன பிறகுதான் சொல்லியிருக்கக் கூடாது என்று தெரிந்தது. சகலையின் முகம் இறுகியது.

"ஓ, இதுக்குத்தான் வந்தியா? இத்தனை நாள் பேசாம இருந்துட்டு, தூங்குறவனை எழுப்பி வச்சு விளையாட்டுக் காட்டுறே. ஃப்யூஸையும் நீதான் பிடுங்கினியா?"

இனி இந்த வாயை நம்பிப் பயனில்லை என்று போட்டோக்காரர் கதவுக்குத் தாவினார். சாவியைப் பூட்டில் நுழைக்கப் பார்த்தார். அது இடது பக்கம் இடித்தது, வலது பக்கம் இடித்தது. துவாரத்துக்கு மட்டும் போகவில்லை. இரும்போடு இரும்பு மோதுகிற ஒவ்வொரு சத்தத்துக்கும் அவர் கண்ணை இறுக மூடிக்கொண்டார். மூடிக்கொண்டால் சாவித் துவாரம் தெரியவில்லை.

உள்ளே காலடிச் சத்தம் ஜன்னலுக்கு வந்தது. "ஏன்யா அந்த ஆட்டு ஆட்டுறே? பூட்டு உடைஞ்சுடப் போகுது."

"கை நடுங்குதுண்ணே."

சகலை கம்பியில் முகத்தைப் பதித்து வெளியே பார்த்தார். அவருக்கு இந்த ஆளைத் தெரியும். பல்லியைப் பார்த்து நாற்காலி மேல் ஏறுகிற ஆள். ஊசி போடப் போனால் நர்ஸின் கையைப் பிடித்துக்கொள்கிற ஆள். அந்த ஆள் இப்போது வெறுங்காலோடு, மூக்கு நுனியில் வியர்வை சொட்ட, ஒரு பூட்டோடு போராடிக்கொண்டிருந்தார். இந்த நடுக்கத்தை யாராலும் நடிக்க முடியாது.

"உன் மூஞ்சியில இருக்கிற பயத்தைப் பாத்தா…" சகலையின் குரல் இறங்கியது. "நிஜமாத்தானா?"

"நிஜமாத்தான். உங்க வீட்டைத் தட்டாம, ஆள் இல்லைன்னு குறி போட்டது நான்தாண்ணே. உங்க மூஞ்சியைப் பாக்க வேண்டாமேன்னு சந்தோஷமாப் போட்டேன். இப்பக் கொளுத்துறதுன்னா கொளுத்துங்க. நான் இங்கிருந்து நகர மாட்டேன்."

அதைச் சொல்லும்போதே நகர்ந்துவிடலாமா என்றுதான் அவருக்குத் தோன்றியது. ஆனால் நகரவில்லை.

சகலை குச்சியைத் தீப்பெட்டிக்குள் வைத்தார். முட்டையை வைப்பது மாதிரி வைத்தார். பெட்டியை மூடவில்லை, மூடினால் உரசுமோ என்று அவருக்கும் பயம் வந்துவிட்டது. அப்படியே ஜன்னல் விளிம்பில் வைத்துவிட்டு, "மூச்சை இழுத்துவிடு. சாவியை ரெண்டு கையாலயும் பிடி. அவசரப்படாதே… இல்லப்பா, தலைகீழாப் பிடிச்சிருக்கே. திருப்பு. ஆங், அப்படித்தான்" என்றார்.

பூட்டு திறந்தது. இருவரும் கையைப் பிடித்துக்கொண்டு ஓடினார்கள். பார்த்தவர்கள் யாருமில்லை என்பதால் அதை இரண்டு பேருமே பிற்பாடு மறுத்தார்கள்.

கயிற்றைத் தாண்டியதும் சகலையின் மனைவி கணவரைக் காய்கறிப் பையாலேயே ஒரு போடு போட்டுவிட்டு அழுதாள். கூட்டம் கை தட்டியது. யாரோ போட்டோக்காரரின் முதுகில் தட்டிக்கொடுத்தார்கள். எத்தனையோ நாள் கனவு கண்ட தட்டல்.

சப்-இன்ஸ்பெக்டர் கை தட்டவில்லை. தன்னார்வலர்களை மட்டும் தனியாக அழைத்தார்.

"பூட்டைப் பாத்துட்டுத் தட்டாம குறி போட்ட வீடு வேற இருக்கா?"

 போட்டோக்காரருக்கு முதுகில் அந்தத் தட்டல் இன்னும் சூடாக இருந்தது. பேசாமல் இருந்தால் அது அங்கேயே இருக்கும். அவர் கையை உயர்த்தினார்.

"எனக்கு இன்னும் ரெண்டு வீடு இருக்கு மேடம்."

பக்கத்தில் நின்ற ஓய்வுபெற்ற வங்கி ஊழியர் தரையைப் பார்த்துக்கொண்டே கை தூக்கினார். அடுத்து டியூஷன் டீச்சர். அடுத்து மருந்துக் கடைக்காரர். மஞ்சள் கைகள் ஒவ்வொன்றாக எழுந்தன. தூக்காத கை என்று ஒன்று மிஞ்சவில்லை. சப்-இன்ஸ்பெக்டர் தொப்பியைக் கழற்றினார், திரும்ப மாட்டினார்.

"ஃபயர்காரங்களோட போய் எந்தெந்த வீடுன்னு காட்டுங்க. ஓடுங்க."

சகலை தன் மனைவியின் செருப்பைக் கழற்றச் சொல்லி போட்டோக்காரர் முன்னால் தள்ளினார். "வெறுங்காலோட போகாதே. போயிட்டு வா. நீ வர்ற வரைக்கும் நான் இந்த இடத்தைவிட்டு அசைய மாட்டேன்."

இரண்டு வீடுகளில் முதல் வீடு பச்சைக் கதவு. பூட்டில் தூசி படிந்திருந்தது. போட்டோக்காரர் விரல் கணுவால் தட்டினார். "உள்ளே யாராவது இருக்கீங்களா?"

முகமூடி போட்ட தீயணைப்பு வீரர் கொஞ்சம் பொறுத்துப் பார்த்தார். "யாரும் இல்லை. வாங்க, அடுத்தது."

"ஒரு நிமிஷம் சார்."

அவர் இன்னொரு முறை தட்டினார், பலமாக. பெண் செருப்பின் முனையில் நின்றபடி கதவில் காதை ஒட்டவைத்து, தன் இதயம் அடிக்கிற சத்தத்தை விலக்கிவிட்டு, உள்ளே கேட்டுக்கொண்டிருந்தார்.