இடது புருவத்து வெட்டு

பத்து மாதக் குழந்தைக்குத் தினமும் காலையில் புருவம் வரைகிற தாயை யாராவது பார்த்திருக்கிறீர்களா? அவள் வரைந்தாள். கணவன் குளிக்கப் போன ஐந்து நிமிடத்தில், வேலை பார்க்கும் பார்லரிலிருந்து கொண்டுவந்த புருவப் பென்சிலைக் கூராகச் சீவி, இடது புருவத்தில் மட்டும் ஒவ்வொரு முடியாக இழுத்து வைத்தாள். அழுகிற பிள்ளையை மடியில் அமுக்கிக்கொண்டு இந்த வேலையைச் செய்து பார்த்தால்தான் தெரியும் கஷ்டம்.

காரணம் கூடத்துச் சுவரில் தொங்கியது. மூன்று படங்கள்: கணவனின் அப்பா, தாத்தா, தாத்தாவின் அப்பா. மூவருக்கும் இடது புருவத்தின் நடுவே தீக்குச்சி அகலத்துக்கு முடியே கிடையாது. கணவனுக்கும் அதே வெட்டு. அது அந்த வம்சத்தின் முதல் ஆள் போட்ட அடையாளமாம். ஒரே சமயத்தில் இரண்டு முகத்தில் தங்காதாம். புதுப் பிள்ளைக்கு வெட்டு வந்துவிட்டால், பழைய வெட்டுக்காரர் வருஷம் திரும்புவதற்குள் போய்விட வேண்டுமாம். என்ன கண்றாவி நம்பிக்கை என்று கல்யாணமான புதிதில் அவள் சிரித்தாள். ஆனால் படத்தில் இருந்த மூன்று பேரும், அவரவர் மகனுக்கு ஒரு வயது நிறைவதற்குள் போய்ச் சேர்ந்திருந்தார்கள். மகளுக்கு அந்த வெட்டைக் கண்ட நாளிலிருந்து அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

அவள் பயந்தது நாத்தனாருக்கு. கணவனுக்கு மூத்தவள், கல்யாணமே செய்துகொள்ளாமல் தம்பியை இடுப்பில் வைத்து வளர்த்தவள். வீட்டிலேயே தையல் மிஷின் போட்டிருந்ததால் பகலில் குழந்தையைப் பார்த்துக்கொண்டதும் அவள்தான். தம்பிக்கு ஒன்று என்றால் எதையும் செய்வாள். அந்த ‘எதையும்’ என்பதை நினைத்தாலே குழந்தையை என்ன செய்துவிடுவாளோ என்று இவளுக்குப் பயம் வந்தது. குழந்தையை அவள் கையில் கொடுத்துவிட்டுப் பார்லருக்குக் கிளம்பும்போதெல்லாம் வாசலில் ஒரு தரம் திரும்பிப் பார்ப்பாள்.

கணவனைப் பற்றி ஒரு குறை சொல்ல முடியாது. லிஃப்ட் மெக்கானிக். குழந்தை பிறந்ததிலிருந்து மனுஷன் ஆளே மாறிவிட்டான். ஒழுகுகிற குழாயெல்லாம் சரியானது. லிஃப்ட் மோட்டார் அறையில் ஒட்டுகிற மாதிரி வீடு முழுக்க மஞ்சள் சீட்டு எழுதி ஒட்டினான். ‘ஹால் ஃபியூஸ்’, ‘தொட்டி வால்வு, இடப்பக்கம் திருப்பவும்’. ஒவ்வொரு சாவியிலும் ஒரு சீட்டு. பீரோவில் ஒரு ஃபைல், அதன் மேல் ‘முதலில் இதைப் பார்’. மாட்டேன் மாட்டேன் என்றவளைப் பிடித்து உட்காரவைத்து ஸ்கூட்டர் கற்றுக்கொடுத்தான். அப்பா ஆனதும் பொறுப்பு வந்துவிட்டது என்று பார்லர் தோழிகளிடம் அவள் பீற்றிக்கொண்டாள்.

அன்று மதியம், நாற்காலியில் சாய்ந்திருந்த பெண்ணுக்கு ஒரு புருவம் திருத்தி முடித்திருந்தபோது ஃபோன் வந்தது. நாத்தனார்.

“குட்டிக்குக் காய்ச்சல் அடிச்சுது. ஈரத்துணியால மொகத்தத் தொடச்சு விட்டேன். நல்லாத் தொடச்சு விட்டேன். நீ கெளம்பி வா.”

திட்டவில்லை, கத்தவில்லை. அதுதான் அவளைப் பயமுறுத்தியது. ஒற்றைப் புருவத்தோடு அந்தப் பெண் “அக்கா, அக்கா” என்று கூப்பிடக் கூப்பிட வெளியே ஓடினாள். இதுவரை தெருமுனை தாண்டி ஓட்டாத ஸ்கூட்டரை, பஸ்ஸுக்கும் லாரிக்கும் நடுவே எப்படித்தான் ஓட்டினாளோ, அவளுக்கே தெரியாது.

கதவு ஒருக்களித்திருந்தது. தையல் மிஷினுக்குப் பக்கத்தில் நாத்தனார் குழந்தையை மடியில் கிடத்திக் குனிந்திருந்தாள். கையில் கூராக ஏதோ.

“அண்ணி!”

“கத்தாத. இப்பத்தான் தூங்குது.”

நாத்தனார் நிமிர்ந்தாள். கையில் இருந்தது புருவப் பென்சில். குழந்தையின் இடது புருவம் கம்பளிப்பூச்சி மாதிரி தடிமனாக இருந்தது.

“ஒன்ன மாதிரி எனக்கு வரலடி. அவன் வர்றதுக்குள்ள சரி பண்ணு.”

அவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

“எங்கப்பாவ எந்த முன்னோரும் வந்து கூட்டிட்டுப் போகல” என்றாள் நாத்தனார். “அப்ப எனக்குப் பன்னெண்டு வயசு. தம்பி மொகத்தப் பாத்தாரு. எல்லாத்தையும் ஒழுங்கு பண்ணி வெச்சாரு. அப்புறம் சாப்பாடு வேணாம்னு சொவத்தப் பாத்துப் படுத்துட்டாரு. நம்பியே செத்தாரு. இவனும் அந்த ரத்தந்தான. பாத்தான்னா முடிஞ்சுது கதை. ரெண்டு மாசம் தாண்டிட்டா, அப்புறம் நானே காட்டுறேன்.”

“பத்து மாசமா ஒங்கள ராட்சசின்னு நெனச்சுட்டேன் அண்ணி.”

“தெரியும். தெனமும் வாசல்ல நின்னு பாப்பியே ஒரு பார்வ.”

இருவரும் அழுதுகொண்டே சிரித்தார்கள். அந்த வீட்டில் அப்படி ஒரு சிரிப்பை அவள் கேட்டதே இல்லை.

சிரிப்பு அடங்குவதற்குள் கருவிப்பையோடு கணவன் உள்ளே வந்தான். ஈரத்துணியை எடுப்பதற்கு முன்பே, காய்ச்சல் என்று அவனுக்கும் அக்கா சொல்லியிருந்தாள். குழந்தையைத் தூக்கி நெற்றியைத் தொட்டான். பிறகு கட்டைவிரலால் அந்தத் தடித்த புருவத்தை மெல்லத் துடைத்தான். வெட்டு பளிச்சென்று தெரிந்தது.

“இன்னிக்கு அக்கா வரைஞ்சதா? ஒன் கை இவ்ளோ மோசமா இருக்காதே” என்றான்.

“என்னங்க...”

“நர்ஸ் கையில குடுத்தப்பவே பாத்துட்டேன். நீ மட்டுந்தான் தேடிப் பாப்பேன்னு நெனச்சியா? அவ்ளோ அழகா வரைஞ்ச. எதுக்கு ஒன் மனசக் கஷ்டப்படுத்தணும்னு விட்டுட்டேன்.”

“டேய், அதெல்லாம் சும்மாடா! அப்பா பட்டினி கெடந்துதான்டா செத்தாரு!” அக்கா அவன் சட்டையைப் பிடித்து உலுக்கினாள். சின்னப் பிள்ளையைச் சமாதானப்படுத்துவதுபோல அவள் கையைத் தட்டிக்கொடுத்தான்.

மனைவி சுவரைப் பார்த்தாள். ஃபியூஸ் பெட்டியில் மஞ்சள் சீட்டு. சாவிக்கொத்தில் மஞ்சள் சீட்டு. ஐயோ, பத்து மாதமாக இதைப் பார்த்தா பூரித்துப்போனாள்!

“வாசல்ல ஸ்கூட்டர் நிக்குது. அங்கேருந்து தனியாவா ஓட்டிட்டு வந்த?”

அவள் தலையசைத்தாள்.

“மெயின் ரோட்லயா?”

“ஆமா.”

“அப்ப அதுவும் முடிஞ்சுது” என்றான், பெரிய வேலை ஒன்று தீர்ந்த நிம்மதியோடு.

அக்கா ஓடிப்போய்த் தட்டில் சோறு போட்டு எடுத்து வந்தாள். அவசரத்தில் பாதி தரையில் சிந்தியது.

“எனக்கு வேணாங்க்கா” என்று சொல்லி, குழந்தையை மனைவியிடம் கொடுத்துவிட்டு, அவன் உள்ளறைக்குப் போய்ச் சுவரைப் பார்த்துப் படுத்தான்.