அடுத்த கண்மாய்

இதைச் சரியாகத்தான் நினைவில் வைத்திருக்கிறேனா என்பதில் எனக்குச் சந்தேகம் உண்டு. பெரியவர் உச்சிமாகாளி எங்கள் கடைக்கு வந்தது புரட்டாசிக் கடைசிச் சனிக்கிழமை என்று நான் சொல்வேன். செண்பகராஜ் வெள்ளிக்கிழமை என்பான். அவர் கையில் குடை இருந்ததாகவும் எனக்கு ஞாபகம். மழையே இல்லாத நாளில் குடை எதற்கு? பிறகு நானாகவே சேர்த்துக்கொண்டேனோ என்னவோ. ஆனால் அவர் கண்மாயைப் பற்றிப் பேசியது மட்டும் அப்படியே இருக்கிறது.

கோவில்பட்டியில், ஒரு பாத்திரக் கடையின் மாடியில், நானும் செண்பகராஜும் சேர்ந்து கம்ப்யூட்டர் கடை நடத்துகிறோம். வருகிறவர்களிடம் அவன் பேசுவான். நான் மூலையில் உட்கார்ந்து படிப்பேன். பழுது வந்தால் எழுந்து பார்ப்பேன், மறுபடி உட்காருவேன். பள்ளிக்கூடத்திலிருந்தே இப்படித்தான்.

அவன் பேச்சு முழுவதும் இனி வரப்போகிற மெஷின்களைப் பற்றியது. வெளிநாட்டில் எவனோ ஒருவன் கசியவிட்ட படத்தைக் காலையில் ஃபோனில் பார்த்துவிட்டு வருவான். வரப்போகும் சிப்பில் எத்தனை கோர், ரேமைத் தனியாக மாட்ட வேண்டுமா, அதுவும் சிப்போடேயே ஒட்டி வருமா என்று சாயங்காலம் வரை ஓடும். ஒரு பெரிய கம்பெனி தன் சிப்புகளுக்கு ஏரிகளின் பெயராக வைத்துக்கொண்டிருந்தது. எங்கள் ஊரில் ஏரி என்று யாரும் சொல்வதில்லை. செண்பகராஜ் எல்லாவற்றையும் கண்மாய் ஆக்கிவிட்டான். நிலாக் கண்மாய், அம்புக் கண்மாய், சிறுத்தைக் கண்மாய். வாடிக்கையாளர்களுக்கும் அது பழகிவிட்டது. “உங்க கண்மாய் எப்பம் வருது?” என்று கேட்டுக்கொண்டே படியேறுவார்கள்.

பொன்மணியும் அப்படித்தான் கேட்பாள். அவள் கம்ப்யூட்டரில் தீப்பெட்டி லேபிள் வரைகிறவள். கழுகுமலைக்கு வெளியே, சோளக்காட்டை ஒட்டி வீடு. காற்றடித்தால் கரிசல் புழுதி முழுக்க அவள் மெஷினுக்குள்தான் போகும். வாரம் ஒருமுறை அதைப் பையில் வைத்து பஸ் ஏறி வருவாள். செண்பகராஜ் ப்ளோயரை வைத்து ஊதுவான். மாடி வராந்தாவில் கறுப்பாக ஒரு மேகம் கிளம்பும். இரண்டு நாள் ஓடும். பிறகு ஃபேன் திணறி, சூடேறி, பாதி வேலையில் அணைந்துவிடும்.

“வரப்போறதுல ஃபேனே இருக்காது பாத்துக்கிடுங்க” என்பான் அவளிடம். “சிப்பு மேல சின்னதா ஒரு தகடு. கண்ணுக்குத் தெரியாம அதிரும். அந்த அதிர்வுலயே காத்து ஓடிரும். நம்ம புழுதி உள்ள போக வழியே இல்ல.”

“எந்தக் கடையில கிடைக்கும்?”

“இன்னும் ஆராய்ச்சியிலதான் இருக்கு. எனக்கு என்னமோ சிறுத்தைக் கண்மாயோட வந்துரும்னு தோணுது. படம் வரையுததுக்குன்னே அதுல பெருசா ஒரு பகுதி இருக்குமாம். நீங்க போடுத மயிலு பட்டுன்னு வந்து நிக்கும்.”

“எம் மயிலு இப்பவும் நிக்கத்தான் செய்யுது. மெஷினுதான் நின்னு போவுது.”

அவன் சிரிப்பான். “அடுத்த கண்மாய் வரட்டும்” என்பான். அவளும் மெஷினைத் தூக்கிக்கொண்டு போவாள்.

அவள் என்னை அண்ணாச்சி என்று கூப்பிடுவாள். அவனை எதுவுமே சொல்லிக் கூப்பிட மாட்டாள். பேச வேண்டுமென்றால் அவன் நிமிரும் வரை காத்திருப்பாள். இதைக் கவனிக்க எனக்கு ஒரு வருடம் ஆனது.

ஆவணியில் சிவகாசி அச்சகம் ஒன்று அவளை வேலைக்குக் கூப்பிட்டது. அங்கேயே மெஷின், அங்கேயே தங்கும் இடம். ஐப்பசி முதல் தேதிக்குள் பதில் சொல்ல வேண்டும். நல்ல மெஷின் ஒன்று கிடைத்தால் வீட்டிலிருந்தே வரைவேன், இல்லையென்றால் சிவகாசிதான் என்று சொல்லிவிட்டுப் போனாள். அன்று செண்பகராஜ் டீயை ஆறவிட்டு உட்கார்ந்திருந்தான்.

“ஏலே, அலமாரியில போர்டு இருக்கு, ரேம் இருக்கு. அரை நாள்ல ஒண்ணு மாட்டிக் கொடுத்திரலாம்லா?” என்றேன்.

“அடுத்த கண்மாய் வந்தா அது பழசாப் போயிரும்லே. அந்தப் பிள்ளைக்குப் பழசையா கொடுக்கச் சொல்லுத?”

நான் மூலைக்குத் திரும்பிப் புத்தகத்தை விரித்தேன். நல்ல மெஷின் கொடுத்துவிட்டால் வாராவாரம் அவள் படியேறி வர ஒரு காரணமும் இருக்காது. அதை நான் அவனிடம் சொல்லியிருக்கலாம். அவனுக்கே தெரியும் என்று நினைத்துக்கொண்டு விட்டுவிட்டேன்.

ஐப்பசிக்கு இன்னும் சில நாட்களே இருந்தபோதுதான் உச்சிமாகாளி வந்தார். படியேறி வந்த மூச்சு அடங்கும் வரை நின்றார். ஸ்டூலை நகர்த்திப் போட்டேன்.

“இதுல செண்பகராஜ் யாரு?”

நான் கை காட்டினேன். திறந்து கிடந்த ஒரு மெஷினிலிருந்து அவன் நிமிர்ந்தான்.

“நான் பொன்மணியோட அய்யா.”

“உக்காருங்கய்யா. மெஷினு விசயமா வந்தீங்களா?”

“மெஷினா? நான் கண்மாய் விசயமாயில்லா வந்திருக்கேன்.”

செண்பகராஜ் என்னைப் பார்த்தான். அவர் ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டார்.

“சிவகாசிக்குப் போறியா, இல்ல மாப்பிள்ளை பாக்கட்டுமான்னு பிள்ளைகிட்ட கேட்டேன். கோவில்பட்டியில அவிய அடுத்த கண்மாய் வரட்டும்னு சொல்லுதாவன்னு சொல்லிச்சு. அதுக்கு மேல வாயத் தொறக்கல. நல்லது தம்பி. நாலையும் யோசிச்சுத்தான் செய்யணும். ஆனா எங்க கண்மாய் பெருகி ஆறு வருசமாச்சு. உள்ள பூராவும் உடமுள்ளு மொளைச்சுக் கெடக்கு. நீங்க எந்தக் கண்மாயைச் சொல்லுதிய?”

எங்கள் பக்கத்தில் கல்யாணம், காதுகுத்து, வீட்டுக்கு ஓடு மாற்றுவது எல்லாமே “கண்மாய் பெருகட்டும்” என்றுதான் தள்ளிப்போகும். அவர் வேறு எப்படிப் புரிந்துகொண்டிருக்க முடியும்?

“அய்யா, அது கண்மாய் இல்ல. சிப்பு. சிப்போட பேரு.”

“சீப்பா? சீப்பு, கண்ணாடியெல்லாம் பொறவு வாங்கிக்கிடலாம் தம்பி. மொதல்ல தேதியச் சொல்லுங்க.”

எனக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் அவர் முகத்தைப் பார்த்ததும் அடங்கிவிட்டது. அவர் நகக்கண்களில் கரிசல் மண் இன்னும் இருந்தது.

“முந்தாநேத்துதான் புழுதியில சோளம் போட்டேன்” என்றார். “வானத்துல ஒரு பொட்டு மேகம் இல்ல. மழை வரட்டும், பொறவு போடுதேன்னு விதையை வீட்டுலயே வச்சிருந்தா, மழை பெஞ்சதும் கரிசல்ல கால் வைக்க முடியுமா? சேறு இழுத்துரும். போட்டுட்டுத்தான் பாக்கணும். என் பிள்ளை விசயத்துல மட்டும் கண்மாய் பெருகுத வரைக்கும் காத்துக் கிடன்னா, அதுல எனக்குச் சம்மதம் இல்ல.”

கீழே பாத்திரக் கடையில் எவர்சில்வர் குடம் ஒன்றைத் தட்டிப் பார்க்கும் சத்தம் கேட்டது. செண்பகராஜ் ஸ்க்ரூடிரைவரைக் கையில் திருப்பிக்கொண்டே இருந்தான். சிப்பைப் பற்றி விளக்கிச் சொன்னால் எல்லாம் தீர்ந்துவிடும். பெரியவர் வெட்கப்பட்டு எழுந்து போய்விடுவார். பொன்மணி சிவகாசிக்குப் போவாள். அவன் என் பக்கம் திரும்பினான். நான் புத்தகத்தை மூடி வைத்தேன்.

“கண்மாய்க்கெல்லாம் காக்க வேண்டாம்யா” என்றான். “ஒரு ரெண்டு மணி நேரம் இருங்க. நானும் கூடவே வாரேன். வர்ற வாரம் எங்கம்மாவைக் கூட்டிட்டு முறையா வந்து கேக்குதேன்.”

அலமாரியிலிருந்த போர்டை எடுத்து மாட்ட ஆரம்பித்தான். உச்சிமாகாளி பக்கத்தில் நின்று திருகாணிகளை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாக நீட்டினார். அவன் சொன்ன அதிரும் தகடு எங்கள் பக்கம் எங்கேயும் கிடைக்காது, எங்களிடமும் இல்லை. செண்பகராஜ் கொசுவலையை வெட்டி இரண்டு மடிப்பாக மடித்து ஃபேனுக்கு முன்னால் ஒட்டினான். இத்தனை மாதமாக அது அவனுக்குத் தோன்றாமலா இருந்தது? இருவரும் கழுகுமலை பஸ்ஸில் போனார்கள். மெஷின் கேபினெட்டைப் பெரியவர் தன் மடியில் வைத்துக்கொண்டார், அவனிடம் கொடுக்கவில்லை.

பிறகொரு நாள் நான் பொன்மணியிடம் கேட்டேன், அது கம்ப்யூட்டர் பெயர் என்று ஏன் அய்யாவிடம் சொல்லவில்லை என்று.

“அய்யா கேக்கலையே அண்ணாச்சி” என்றாள். “அடுத்த கண்மாய்னு சொன்னாவ. நானும் அதையேதான் சொன்னேன்.”

மழை ஐப்பசிப் பாதியில் பெய்தது. சோளம் முக்கால்வாசி முளைத்தது. கண்மாய் பெருகவில்லை. தை மாதம் கழுகுமலையில் கல்யாணம் நடந்தது. பொன்மணி சிவகாசிக்குப் போகவில்லை. கோவில்பட்டியில் எங்கள் கடைக்குப் பின்தெருவில் குடியிருந்து லேபிள் வரைகிறாள். செண்பகராஜை அவள் இப்போதும் எதுவும் சொல்லிக் கூப்பிடுவதில்லை. சிறுத்தைக் கண்மாய் வந்துவிட்டது. அந்தச் சிப்போடு எங்கள் கடைக்கு வந்த முதல் மெஷினிலும் ஃபேன் இருந்தது. கொசுவலை ஒட்டிய பழைய மெஷின்தான் அவள் மேசையில் ஓடுகிறது. உச்சிமாகாளி மாதம் ஒருமுறை வந்து அதைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் போகிறார். செண்பகராஜ் அதற்கடுத்த கண்மாயைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறான். நான் மூலையில் உட்கார்ந்து படிக்கிறேன்.