பி கிளாஸ் போதும்

தேர்வில் தோற்றுப்போவது சுலபம் என்றுதான் நினைத்திருந்தேன். நாற்பத்தாறு வயதில் மூக்குக்கண்ணாடி போட்டுக்கொண்டு கல்ஃப் கம்பெனிக்காரன் முன்னால் போய் நின்று, தெரியாது என்று சொன்னால் தீர்ந்தது. அதற்கென்ன பெரிய சாமர்த்தியம் வேண்டிக் கிடக்கிறது?

என் பெயர் தாசையன். திருவனந்தபுரத்துக்குத் தெற்கே அமரவிளையில் ரோட்டோரமாக மோட்டார் வைண்டிங் கடை வைத்திருக்கிறேன். கருகிப்போன மோட்டாரைப் பிரித்து, பழைய செம்புக் கம்பியை வெட்டி எறிந்துவிட்டுப் புதுக் கம்பி சுற்றிக் கொடுப்பது தொழில். வேலை இருக்கிற நாளில் இருக்கும், இல்லாத நாளில் லாரிகளை வேடிக்கை பார்ப்பேன். எனக்கு அதில் குறை ஒன்றுமில்லை. குறை ஊருக்குத்தான். பதினான்கு வருஷம் குவைத்தில் இருந்தவன், தொண்ணூறில் சண்டை வந்து உடுத்த துணியோடு திரும்பியவன், நாலு வருஷமாக இங்கேயே குந்தியிருப்பது அவர்களுக்குப் பொறுக்கவில்லை. "தாசையன் அண்ணன் இனி எப்பம் போவுது?" என்று கேட்காமல் யாரும் என்னைத் தாண்டிப் போனதில்லை.

பக்கத்து ஊரான கொல்லயிலில் எங்கள் வீடு இருக்கும் பத்து சென்ட், அப்பாவுக்குக் குடிகிடப்பாகக் கிடைத்தது. நிலமுள்ள தறவாட்டுக்காரர்களின் தோப்பில் குடிசை போட்டுக் கிடந்தவர்களுக்கு அந்த மண்ணையே சொந்தமாக்கிச் சட்டம் வந்தபோது, அப்பா பட்டயத்தைப் பைபிளுக்குள் மடித்து வைத்தார். இனி ஒருத்தனும் நம்மை இறங்கு என்று சொல்ல முடியாது என்றார். அது எழுபத்திரண்டில். எழுபத்தாறில் நானே இறங்கிப் பம்பாய்க்குப் போய் விமானம் ஏறினேன். அந்தப் பதினான்கு வருஷத்தில் இந்த மண்ணில் நான் படுத்துத் தூங்கிய நாட்களை எல்லாம் சேர்த்தால் ஒரு வருஷம் தேறாது. எவனும் துரத்தவில்லை, அதுதான் வேடிக்கை.

போன மாதம் மனைவி நேசத்தின் தம்பி கனகதாஸ் மஸ்கட்டிலிருந்து கடிதம் எழுதினான். அங்கே ஒரு சிமெண்ட் ஆலைக்கு வைண்டர் வேண்டுமாம், திருவனந்தபுரத்தில் தேர்வு வைக்கிறார்களாம், அத்தானின் பேரைக் கொடுத்திருக்கிறானாம். நேசம் கடிதத்தை எனக்கு வாசித்துக் காட்டினாள். மடித்தாள். "போயிட்டு வாருங்க" என்றாள். அவ்வளவுதான். பிறகு என் சட்டையை எடுத்து இஸ்திரி போட உட்கார்ந்துவிட்டாள், தலையை நிமிர்த்தவில்லை. சும்மா இருக்கிற ஆண்பிள்ளையைப் பார்த்துப் பார்த்து அவளுக்கும் சலித்துவிட்டது என்று எடுத்துக்கொண்டேன்.

எனக்குப் போக மனசில்லை. ஒரு துளிகூட இல்லை. ஆனால் வேண்டாம் என்று சொல்ல ஒரு வாய் வேண்டும், அது எனக்குப் பிறவியிலேயே கிடையாது. அதனால்தான் இந்த யோசனை. போவேன், தோற்பேன், திரும்பி வருவேன். மச்சானுக்கும் மனஸ்தாபம் இல்லை, ஊருக்கும் பேச்சில்லை.

தேர்வுக்குத் திருவனந்தபுரம் கரமனையில் ஒரு ஒர்க்‌ஷாப்பை அன்றைக்கு மட்டும் எடுத்திருந்தார்கள். மொத்தம் பதினோரு பேர். முதலில் கைவேலை. ஆளுக்கொரு சின்ன மோட்டார், சுற்றிக் காட்ட வேண்டும். இரும்புப் பள்ளங்களில் காகிதம் வைத்து அதன்மேல் கம்பி இறக்குவோம். காகிதத்தைக் கொஞ்சம் குட்டையாக வெட்டினால் போதும், கம்பி இரும்பில் பட்டு, சோதிக்கும்போது மானம் போய்விடும். அப்படித்தான் திட்டம். கை கேட்கவில்லை. காகிதத்தைத் தேவைக்கு மேலேயே நீளமாக வெட்டி, இரண்டு முனையையும் மடித்து, நகத்தால் நீவி உள்ளே தள்ளியது. பழகின கையைக் கெட்டுப்போகச் சொன்னால் அது எப்படிக் கெட்டுப்போகும்? சோதித்துப் பார்த்தவன் மீட்டரின் முள்ளைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தான். எனக்கே வெட்கமாகிவிட்டது. சரி, இனி வாய் இருக்கிறது என்று தேற்றிக்கொண்டேன்.

வாய்க்கேள்வி கேட்டவர் பரமசிவன் என்ற நாகர்கோவில்காரர், அந்த ஆலையின் இன்ஜினியர். அவர் முகத்தில் தூக்கம் போதாத களைப்பு. என்னைக் கடைசியாகத்தான் கூப்பிட்டார்.

"கல்லு கொண்டுபோற பெல்ட் மோட்டார். ட்ரைவ் வச்சு ஓட்டுகோம், வேகத்தைக் கூட்டவும் கொறைக்கவும் செய்யலாம். வெயிலு அம்பது டிகிரி. எந்த கிளாஸ் இன்சுலேஷன் போட்டு சுத்துவீங்க?"

கேட்டதும் மனசு குளிர்ந்தது. குவைத்தில் இதே விஷயத்தில் எத்தனை மோட்டாரைப் பிரித்துப் பார்த்திருக்கிறேன்! கம்பியின் பூச்சும் காகிதமும் வார்னிஷும் எவ்வளவு சூடு தாங்கும் என்பதுதான் கிளாஸ். பி என்றால் நூற்று முப்பது டிகிரி, எஃப் நூற்று ஐம்பத்தைந்து, எச் நூற்று எண்பது. சாதாரண மோட்டாருக்கு பி போதும். ட்ரைவ் வைத்தால் கதை வேறு. மோட்டாரைக் குளிர வைக்கிற விசிறி அதன் தண்டிலேயே இருக்கிறது. வேகம் குறைந்தால் விசிறியும் மெதுவாகச் சுற்றும், காற்று வராது. ஆனால் பெல்ட்டில் கிடக்கிற கல்லின் பாரம் குறையாது. போதாததற்கு ட்ரைவ் தருகிற கரண்ட் துண்டு துண்டாக வெட்டி வெட்டி வரும், ஒவ்வொரு வெட்டும் முதல் சுற்றுக் கம்பியில்தான் வந்து அறையும். அந்த வெயிலில் எஃப்புக்குக் கீழே யோசிக்கவே கூடாது. எச் போட்டு, அதிலும் கனத்த பூச்சுக் கம்பியாகப் பார்த்துச் சுற்றினால் நிம்மதியாகத் தூங்கலாம்.

"பி கிளாஸ் போதும் சார்" என்றேன்.

"ஏன்?"

"மெதுவாட்டு ஓடுற மோட்டாருல்லா. மெதுவா ஓடினா என்ன சூடு வரப்போவுது?"

என் கடையில் வேறு யாராவது இப்படிச் சொல்லியிருந்தால் அவன் கையிலிருந்த சுத்தியலைப் பிடுங்கியிருப்பேன். பரமசிவன் பேனாவைக் கீழே வைத்தார்.

"காலையிலேருந்து பத்து பேரு. எஃப்புங்கான், எச்சுங்கான். ஒருத்தன் படம் வரைஞ்சு எனக்குப் பாடமே எடுத்துட்டான். நீங்க ஒராளுதான் பி சொன்னது."

தீர்ந்தது என்று எழுந்தேன்.

"இருங்க. எங்க போறீங்க?" என்றார். "எங்க ஸ்டோர்ல பி கிளாஸ் சாமான் மலைபோல கெடக்கு. மேனேஜர் வாங்கிப் போட்டது. அது தீராம அவரு வேற வாங்க மாட்டாரு. போன வைண்டர் தினம் அவர்கிட்ட சண்டை. கடைசீல டிக்கெட்டைக் கையில கொடுத்து ஏத்தி விட்டுட்டாங்க. எனக்கு சண்டை போடாத ஆளாக்கும் வேண்டியது."

எழுந்தவன் மறுபடி உட்கார்ந்தேன். "சார், நான் சொன்னது தப்பு" என்றேன். "எஃப் இல்லாம பற்றாது. பி போட்டா ஆறு மாசம் தாங்காது சார். முதல் சுத்திலேயே பொத்துப்போவும்."

அவர் சத்தம் வராமல் சிரித்தார். "அஞ்சு மாசம். எனக்கும் தெரியும். கருகும், நீங்க சுத்துவீங்க. திரும்பக் கருகும், திரும்ப சுத்துவீங்க. உங்க கைவேலையைப் பாத்தேன். அப்படி சுத்தத் தெரிஞ்ச மனுசன் வாய் கூசாம பி-ன்னு சொல்லுகாருன்னா, அவரு உலகம் தெரிஞ்ச ஆளு."

வெளியே பத்து பேர் நின்றுகொண்டிருந்தார்கள். அவர்களில் ஒருவனைக் கூப்பிட்டுக் கொடுத்தால் கும்பிட்டு வாங்கிக்கொள்வான். அதையாவது சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. மூன்று வருஷத்துக்கு என்று எழுதியிருந்த தாளில் கையெழுத்துப் போட்டேன். பரமசிவன் என் பாஸ்போர்ட்டை வாங்கித் தன் பைக்குள் வைத்துக்கொண்டார்.

தம்பானூர் ஸ்டாண்டில் பஸ் ஏறி நெய்யாற்றின்கரை வரை நின்றுகொண்டே வந்தேன். அதன் பிறகு இடம் கிடைத்தும் உட்காரத் தோன்றவில்லை. உடம்பு அலுப்பென்றால் தூங்கி எழுந்தால் போய்விடும். இது அப்படியல்ல. கருகும் என்று தெரிந்தே ஒரு மோட்டாரைச் சுற்றி அனுப்ப வேண்டும், அது திரும்பி வரும்வரை உட்கார்ந்திருக்க வேண்டும், வந்ததும் அதையே பிரிக்க வேண்டும். மூன்று வருஷம். அமரவிளையில் இறங்கிக் கடையைத் திறக்காமல் வீட்டுக்கு நடந்தேன்.

நேசம் பின்கட்டில் மரச்சீனிக் கிழங்கு சீவிக்கொண்டிருந்தாள்.

"வந்தியளா? என்னாச்சு?"

"கெடச்சிட்டு."

அரிவாள் நின்றது. "எத்தன வருஷம்?"

"மூணு. அடுத்த மாசம் பத்தாம் தேதி போவணும்."

அவள் கிழங்கைத் திருப்பிப் பிடித்து ஒரு சீவு சீவினாள். "எல்லாத்தையும் கேட்டாவளா?"

"கேட்டாவ."

"எல்லாத்துக்கும் செரியாட்டு சொன்னியளாக்கும்."

அவள் அரிவாளைக் கீழே போட்டாள்.

"ஒண்ணையாவது தப்பாட்டு சொல்லியிருக்கப்பிடாதா?" என்றாள். குரல் உடைந்துவிட்டது. "கூடப்பொறந்தவன் எழுதினதுக்கு நான் எப்பிடி வேண்டாமுன்னு சொல்லுவேன்? நீங்க சொல்லுவியளுன்னு பாத்தேன். இந்த நாலு வருஷமாக்கும் நான் புருஷன்கூட இருந்தது."

பதினெட்டு வருஷத்தில் நான் போகட்டுமா என்று இவளிடம் ஒருமுறைகூடக் கேட்டதில்லை. அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன்.

"சொன்னேன் நேசம். தப்பாட்டுதான் சொன்னேன்."

அவள் புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். நம்பவில்லை.

"சும்மா சொல்லாதீங்க" என்றாள். "மோட்டார் காரியத்தில உங்களுக்குத் தப்பாட்டு சொல்லத் தெரியுமா?"

அழுகைக்கு நடுவிலும் அதைக் கொஞ்சம் பெருமையாகவே சொன்னாள்.