ருசி பார்த்தவர் கையெழுத்து

பத்தொன்பது வருடமாக ஆஸ்பத்திரிச் சமையலறையில் நிற்கிறேன். காலையில் முந்நூறு பேருக்கு, மதியம் ஐந்நூறு பேருக்கு. எனக்கென்று ஒரு பெயர் உண்டு. ஆனால் கீழ்த்தளத்திலிருந்து மூன்றாம் மாடி வரைக்கும் நான் கிச்சன் அக்காதான், பெரிய டாக்டருக்கும் அப்படித்தான். கால் வீங்கும், இடுப்பு விட்டுப்போகும், வீட்டுக்குப் போனால் சோற்றைப் பார்க்கவே பிடிக்காது. வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்து ஆறு வருடம் ஆகிறது. எனக்காக ஒரு அடுப்பு பற்றவைக்கவும் அலுப்பு. சமையலறையில் மிஞ்சின வறுத்த உருளைக்கிழங்கையும் முட்டையையும் நின்றபடியே வாயில் போட்டுக்கொண்டு பஸ் ஏறிவிடுவேன்.

வார்டிலிருந்து சாப்பாட்டுச் சீட்டுகள் வரும். 'கொழுப்பு இல்லாமல்', 'எண்ணெய் இல்லாமல்' என்று எழுதியிருக்கும். "இவங்களுக்கெல்லாம் நாக்கு செத்துப்போச்சா?" என்று சீட்டைப் பார்த்துத் திட்டிக்கொண்டே வேகவைப்பேன். தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்று சும்மாவா சொன்னார்கள்? எனக்கு வந்தது. வலது விலாவுக்குக் கீழே, ஆணி அடித்த மாதிரி. அங்கே தொடங்கி முதுகு வழியாக வலது தோள்பட்டைக்கு ஏறும். இரண்டு மணி நேரம் உட்காரவும் விடாது, படுக்கவும் விடாது. அப்புறம் தானாகப் போய்விடும்.

வாய்வு என்று நினைத்தேன். சோடா குடித்தேன். எட்டு மாதம் இப்படியே ஓட்டினேன். வறுத்ததைத் தின்ற ஒரு மணி நேரத்தில் வலி வருகிறது என்பது எனக்குத் தெரியாமல் இல்லை. தெரிந்துதான் தின்றேன், வேறு எதையும் தனியாகச் செய்துகொள்ளச் சக்தி இல்லை. கடைசியில் ஒருநாள் மாவு மூட்டைமேல் சாய்ந்து வாந்தி எடுத்தபோது, என் உதவி ஆள் என்னைக் கையோடு ஸ்கேன் எடுக்கக் கூட்டிப்போனான். அவன் பெயரும் யாருக்கும் ஞாபகமில்லை. தாடிக்கு வலை கட்டிக்கொண்டு வேலை பார்ப்பதால் தாடி. நாற்பது வயது, இரண்டு பிள்ளைகளுக்கு அப்பன், ஆனாலும் ஒரு வெங்காயத்தை என்னைக் கேட்காமல் உரிக்கமாட்டான்.

"பித்தப்பையில கல்லு. ஒண்ணு ரெண்டு இல்ல, ஏழெட்டு இருக்கு," என்றார் அறுவை டாக்டர்.

"கரைக்க மருந்து கிடையாதா சார்?"

"உங்களுக்கு மருந்து சரிப்படாது. பையையே எடுத்துடணும்."

"பையை எடுத்துட்டா பித்தம் எங்க போய் நிக்கும்?"

"பித்தத்தைச் சுரக்கிறது ஈரல். பை சும்மா சேத்து வைக்கிற இடம். பை இல்லாட்டி நேரா குடலுக்குப் போயிடும்."

அது எனக்குப் புரிந்தது. ஸ்டோர் ரூம் இல்லாவிட்டால் அடுப்பிலிருந்து நேராகத் தட்டுக்கு, அவ்வளவுதானே. புரிந்தும் இரண்டு தடவை தேதியைத் தள்ளிப் போட்டேன். ஒரு தடவை கொதிகலன் ரிப்பேர் என்றேன். இன்னொரு தடவை தாடிக்கு விவரம் போதாது என்றேன். மூன்றாம் தடவை டாக்டர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பேசினார்.

"ஒரு கல்லு பை வாசல்ல வந்து உக்காந்திருக்கு. அது நழுவிக் குழாய்ல விழுந்தா மஞ்சள் காமாலை வரும், கணையம் வீங்கும். அதுக்கப்புறம் தேதி குறிக்கிறது நீங்க இல்ல, அந்தக் கல்லு."

அந்த வாரமே நாள் வைத்தார்கள். என் தங்கை பள்ளிக்கூட ஆபீசில் குமாஸ்தா. நாலு நாள் லீவு கேட்டு வாங்கிக்கொண்டு ரயிலேறி வந்தாள். முதல் நாள் சாயங்காலம் மூன்றாம் மாடியில் என்னைச் சேர்த்தார்கள். ராத்திரி பன்னிரண்டுக்கு மேல் பச்சைத்தண்ணீர்கூடக் கூடாது என்று நர்ஸ் சொன்னாள். மறுநாள் காலை பத்து மணிக்கு ஆபரேஷன்.

ஆறு மணிக்கே விழித்துவிட்டேன். பத்தொன்பது வருடமாக நாலு மணிக்கு எழுந்த உடம்புக்கு அதுவே பெரிய தூக்கம். தங்கை நாற்காலியில் வாயைத் திறந்து தூங்கிக்கொண்டிருந்தாள். கீழே பால் வந்திருக்கும். அதைத் தாடி கவனித்தானா, இல்லை அடிபிடிக்க விட்டானா? ஏழு மணி வரைக்கும் புரண்டு பார்த்தேன், முடியவில்லை. ஐந்து நிமிடம் பார்த்துவிட்டு வரலாம் என்று ஆஸ்பத்திரி அங்கியோடு செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கினேன். என்னை யார் தடுக்கப்போகிறார்கள்? லிஃப்ட்காரன் வணக்கம் வைத்தான்.

பால் நன்றாகத்தான் இருந்தது. காய்கறி சூப் கொதித்துக்கொண்டிருந்தது. தாடி கேரட் கூடைக்குப் பின்னால் யாரிடமோ சண்டை போட்டுக்கொண்டிருந்தான். நான் நாலு வார்த்தை திட்டிவிட்டு, தட்டுகள் சரியாக அடுக்கியிருக்கின்றனவா என்று பார்த்துவிட்டு, மேலே வந்து படுத்துக்கொண்டேன். தங்கைக்கு நான் போனதே தெரியாது.

ஒன்பதே காலுக்கு மயக்க மருந்து டாக்டரம்மா வந்தார். ஒல்லியான பெண், குரல் மட்டும் கணீரென்று இருக்கும். ரத்த அழுத்தம் பார்த்தார், பல்செட் உண்டா என்று கேட்டார்.

"ராத்திரிக்கு அப்புறம் ஏதாவது சாப்பிட்டீங்களா?"

"இல்லம்மா."

"குடிச்சீங்களா? தண்ணி, காபி?"

"ஒரு சொட்டு இல்ல. இந்த ஆஸ்பத்திரியில சட்டம் எனக்குத் தெரியாதா?"

நான் பொய் சொல்லவில்லை. அந்த நிமிடம் என்னைப் பாடையில் வைத்துக் கேட்டிருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பேன். டாக்டரம்மா காகிதத்தில் குறித்துக்கொண்டிருக்கும்போது கதவைத் தள்ளிக்கொண்டு தாடி வந்தான். கையில் நீளமான நோட்டு.

அந்த நோட்டைப் பற்றிச் சொல்லவேண்டும். எங்கள் சமையலறையில் ஒரு அண்டா உணவுகூட ருசி பார்க்காமல் வார்டுக்குப் போகக் கூடாது. பார்த்தவர் நோட்டில் கையெழுத்துப் போடவேண்டும், நேரமும் எழுதவேண்டும். 'ருசி பார்த்தவர்' என்ற கட்டத்தில் பத்தொன்பது வருடமாக என் கையெழுத்துதான். மற்ற ஆஸ்பத்திரிகளில் மாதக் கடைசியில் உட்கார்ந்து மொத்தமாகப் போடுவார்களாம். நான் ருசி பார்க்காமல் ஒரு கையெழுத்துப் போட்டதில்லை. நாக்கில் வைத்துத் துப்புவதும் கிடையாது. தொண்டைக்குள் இறங்கினால்தான் உப்பு எவ்வளவு என்று தெரியும்.

"அக்கா, நல்லபடியா முடியும், பயப்படாதீங்க," என்றான் தாடி. "இதுல ஒண்ணு மட்டும் விட்டுட்டீங்க. காலையில சூப்புக்குக் கையெழுத்துப் போட்டீங்க, நேரம் எழுதல. எத்தனை மணின்னு சொன்னா நானே எழுதிடுவேன்."

வெண்ணெய் திரண்டு வரும்போது தாழியை உடைத்த கதையாக, அவன் நோட்டை விரித்துக் காட்டிக்கொண்டு நின்றான். என் கையெழுத்து, வால் நீட்டிக்கொண்டு, பளிச்சென்று இருந்தது. அப்போதுதான் எனக்கே ஞாபகம் வந்தது. தட்டுகளைப் பார்த்தேன் அல்லவா? அதற்கு முன்னால் அண்டாவுக்குப் பக்கத்தில் நின்றேன். சின்னக் கிண்ணத்தில் ஒரு கரண்டி ஊற்றினேன். குடித்தேன். உப்பு கம்மி என்று அரைப்பிடி போட்டேன். மறுபடி ஒரு கரண்டி. கயிற்றில் தொங்கும் பேனாவை எடுத்துக் கையெழுத்துப் போட்டேன். ஆடிய காலும் பாடிய வாயும் சும்மா இருக்காது என்பார்கள். சமைக்கிறவள் ருசி பார்ப்பதை எந்தக் காலத்தில் சாப்பாடு என்று நினைத்திருக்கிறாள்?

டாக்டரம்மா பேனாவை மூடினார். தங்கைதான் முதலில் பாய்ந்தாள்.

"அது சும்மா பழக்கத்துல போட்ட கையெழுத்து டாக்டர். குடிச்சிருக்க மாட்டா. சொல்லுக்கா, குடிக்கலன்னு சொல்லு!"

தாடிக்கு விஷயம் புரிந்துவிட்டது. முகம் வெளுத்துப்போய், "அக்கா குடிக்காம கையெழுத்துப் போடமாட்டாங்களே," என்றான். சொன்ன பிறகு வாயைப் பொத்திக்கொண்டான்.

"நீங்க சொல்லுங்க," என்றார் டாக்டரம்மா என்னிடம். "குடிச்சீங்களா, இல்லையா?"

இல்லை என்று ஒரு வார்த்தை போதும். பத்து மணிக்கு எல்லாம் தொடங்கிவிடும், இந்த வலியோடு இன்னொரு நாள் வாழவேண்டாம், தங்கையின் லீவும் வீணாகாது. ஆனால் அந்த வார்த்தையைச் சொன்னால் அந்த நோட்டில் இருக்கிற கையெழுத்து பொய் என்று ஆகும். ஒன்று பொய் என்றால் பத்தொன்பது வருடத்தையும் யார் நம்புவார்கள்? அது மட்டுமில்லை. எனக்குப் பயமாகவும் இருந்தது.

"ரெண்டு கரண்டி," என்றேன். "பால் ஊத்தின சூப்பு. ஏழு, ஏழே கால் இருக்கும்."

டாக்டரம்மா கோபப்படவில்லை. கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார். "மயக்கத்துல இருக்கும்போது வயித்துல இருக்கிறது மேல ஏறி நுரையீரலுக்குள்ள போயிடும் அக்கா. ரெண்டு கரண்டின்னாலும் நான் துணிய மாட்டேன். நாளைக்கு லிஸ்ட்ல கடைசியாப் போடச் சொல்றேன். நடுவுல அவசரக் கேஸ் வந்தா அதுவும் தள்ளிப்போகும். வலி வந்தா உடனே சொல்லுங்க." எழுந்து போனார்.

தாடி தேம்பிக்கொண்டே போனான். தங்கை கதவைச் சாத்திவிட்டு வந்தாள்.

"நீ வேணும்னே பண்ணினே."

"ஏண்டி, பைத்தியமா உனக்கு?"

"ரெண்டு தடவை தள்ளிப்போட்டே. இப்ப மூணாவது. நீ வீட்டுக்குப் போற அன்னைக்கு நான் ரயிலேறணும். உன்னை யாரு பாத்துப்பா? அந்த அண்டாவா?"

கை பழக்கத்தில் கரண்டியை எடுத்ததா, இல்லை பயத்தில் எடுத்ததா? எனக்கே தெரியவில்லை. யோசிக்கவும் தெம்பில்லை.

"பயமா இருக்குடி," என்றேன். "என் வாழ்க்கையில நான் படுத்துக்கிட்டு மத்தவங்க வேலை செஞ்சு பாத்ததே இல்ல. அவங்க கத்தியை எடுக்கும்போது நான் தூங்கிட்டு இருப்பேனாம். அப்படியே தூங்கிப்போயிட்டா?"

அவள் திட்டுவதை நிறுத்தினாள். கொஞ்ச நேரம் என் காலைப் பிடித்துவிட்டாள். அப்புறம் வராண்டாவுக்குப் போய்ப் பள்ளிக்கூடத்துக்கு போன் போட்டு, இன்னும் நாலு நாள் வரமுடியாது, ஆனதைப் பாருங்கள் என்று கத்துவது உள்ளே வரைக்கும் கேட்டது.

மறுநாள் அவசரக் கேஸ் எதுவும் வரவில்லை. இரண்டு மணிக்கு உருட்டிக்கொண்டு போனார்கள். குளிர், பெரிய விளக்கு, பச்சைத் துணி. டாக்டரம்மா குனிந்து, "இன்னைக்கு ஏதாவது ருசி பாத்தீங்களா?" என்றார். சிரிக்கப்போனேன், அதற்குள் எல்லாம் போய்விட்டது.

கண் திறந்தபோது தொண்டை வறண்டு எரிந்தது. வயிற்றில் நாலு சின்ன பிளாஸ்திரி, அவ்வளவுதான். வயிற்றைவிடத் தோள்தான் அதிகம் வலித்தது. உள்ளே வேலை செய்ய இடம் வேண்டும் என்று வயிற்றைக் காற்றடித்து உப்ப வைப்பார்களாம். அந்தக் காற்று தோளில் போய் வலிக்குமாம். இரண்டு நாளில் போய்விடும் என்றாள் நர்ஸ். சாயங்காலமே பிடித்து எழுப்பி வராண்டாவில் நடக்க விட்டார்கள். மறுநாள் காலையில் அறுவை டாக்டர் ஒரு சின்ன பாட்டிலைக் குலுக்கிக் காட்டினார். ஏழு கல். கொண்டைக்கடலை அளவுக்கு, பழுப்பாக. இந்தச் சனியன்களுக்காகவா எட்டு மாதம் அழுதேன் என்று எரிச்சலாக வந்தது.

"நாளைக்கு வீட்டுக்குப் போகலாம். கொஞ்ச நாள் எண்ணெயைக் குறைங்க. வயிறு சிலசமயம் இளகிப் போகும், பயப்பட வேண்டாம். காய்ச்சலோ மஞ்சளோ தெரிஞ்சா ஓடி வாங்க. ஒரு மாசத்துக்கு அண்டா தூக்கக் கூடாது."

"ஒரு மாசமா?"

"ஒரு மாசம்," என்றார் தங்கையைப் பார்த்து.

அவர் போன கொஞ்ச நேரத்தில் தாடி வந்தான். தட்டில் ஒரு கிண்ணம் தெளிந்த சூப், பக்கத்தில் 'கொழுப்பு இல்லாமல்' என்ற சீட்டு, கக்கத்தில் நோட்டு. நோட்டை எனக்கு முன்னால் விரித்தான். முந்தாநாள் கட்டத்தில் என் கையெழுத்துக்குப் பக்கத்தில் ஏழே கால் என்று எழுதியிருந்தது. நேற்றும் இன்றும், 'ருசி பார்த்தவர்' என்ற இடத்தில், பள்ளிக்கூடத்துப் பிள்ளை எழுதுகிற மாதிரி ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டி அவன் கையெழுத்து.

"உங்க சூப்பு தனிப் பாத்திரத்துல வச்சேன்க்கா. மூணு தடவை குடிச்சுப் பாத்துட்டுத்தான் போட்டேன்," என்றான். "உப்பு சரியா இருக்கா?"

ஒரு கரண்டி வாயில் விட்டேன். தொண்டையில் இறங்கியது. உப்பு சுத்தமாக இல்லை. போடவே மறந்திருக்கிறான். அவன் தட்டின் விளிம்பைப் பிடித்தபடி என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தான். எனக்காக ஒருத்தர் தனியாக அடுப்பு பற்றவைத்து எத்தனை வருடம் இருக்கும்?

"சரியா இருக்குடா," என்றேன்.

அவன் நோட்டை மார்போடு அணைத்துக்கொண்டு ஓடினான். தங்கை கரண்டியைப் பிடுங்கி ஒரு வாய் குடித்துவிட்டு முகத்தைச் சுளித்தாள்.

"என்னக்கா இது, உப்பே இல்ல!"

"வாயை மூடு," என்றேன். சிரிப்பு வந்துவிட்டது, தையல் நாலும் சுருக்கென்று இழுத்தது, கண்ணில் தண்ணீர் வந்தது. வயிற்றை ஒரு கையால் பிடித்துக்கொண்டு மறு கையால் கிண்ணத்தை வாங்கி மிச்சத்தையும் குடித்தேன்.