ஹவானாத் துறைமுகமும் எங்கள் குத்துவிளக்கும்

வளைகுடாவில் குண்டு விழத் தொடங்கிய மாதம், தமிழர் குடியேறிய வெளிநாட்டுப் புறநகரான மவுண்ட் ரோஸ்கில்லின் தேவாலய மண்டபத்தில் மகேசன் ‘அமெரிக்கப் போர்க் கொள்கையின் வரலாற்று வேர்கள்’ என்று உரையாற்றினார். வாயைத் திறப்பதற்கு முன்பே தமிழ்ச் சங்கம் அவருக்குப் பொன்னாடை போர்த்திவிட்டது. சங்கத் தலைவரும் அவரே என்பதால் எதிர்ப்பு எழவில்லை.

கடைசி வரிசையில் புஷ்பவதி மண்டபச் சாவியை இறுக்கிப் பிடித்திருந்தாள். சங்கத் தேர்தலன்று நடந்த கைகலப்புக்குப் பிறகு தேவாலயத்தார் ஒரே நிபந்தனை வைத்திருந்தார்கள்: இன்னொரு அடிதடி என்றால் சாவியைத் திருப்பித் தரவேண்டும். சாவி போனால் அவள் நடத்தும் சனிக்கிழமைத் தமிழ் வகுப்பும் போய்விடும். வேறு இடம் கிடையாது.

“ஆயிரத்து எண்ணூற்றுத் தொண்ணூற்றெட்டு! ஹவானாத் துறைமுகத்தில அமெரிக்கக் கப்பல் வெடிச்சது. ஆர் செய்தது எண்டு ஆரும் பொறுத்துப் பாக்கேல்லை. ஸ்பெயின்தான் எண்டு சொல்லிப் போருக்குப் போயிட்டினம். இதுதான் வேர்!” என்று மகேசன் கையை வீசினார்.

“வேரெல்லாம் போதும் சார், வடை ஆறுது,” என்றார் முன்வரிசையில் சதாசிவம், அந்தத் தேர்தலில் தோற்ற சென்னைக்காரர்.

மகேசன் விருட்டென்று அவர் பக்கம் திரும்பினார். அவருக்குப் பின்னால் மேசையில் எரிந்துகொண்டிருந்த குத்துவிளக்கு தடாலென்று சாய்ந்தது. எண்ணெய் பரவி மேசை விரிப்பு பற்றிக்கொண்டது.

“விளக்கைத் தள்ளிப்போட்டான்!” என்று மகேசன் சதாசிவத்தைக் காட்டிக் கத்தினார்.

“யோவ், நான் எழுந்திரிக்கவே இல்லைய்யா...”

ஒலிவாங்கித் தண்டு சதாசிவத்தின் மூக்கில் இறங்கியது. அவர் இரத்தத்தைத் துப்பிவிட்டு மடக்கு நாற்காலியைச் சுழற்றினார். சமாதானம் பேச வந்த ஜனார்த்தனின் புருவம் கிழிந்தது. சமாதானமே அடிபட்டதும் இரு தரப்பும் களத்தில் குதித்தன. உபதலைவரின் பல்லொன்று வடைத் தட்டில் விழுந்தது. சதாசிவத்தின் நெஞ்சில் ஏறியிருந்த மகேசன், “நான் அடிக்கேல்லை, சபையைப் பாதுகாக்கிறன்!” என்று ஒவ்வொரு குத்துக்கும் விளக்கம் சொன்னார்.

புஷ்பவதி தண்ணீர் வாளியைக் கவிழ்த்துத் தீயை அணைத்தாள். விளக்கை நிமிர்த்தினாள். உச்சி அன்னத்தின் கழுத்தில் பொன்னாடையின் சரிகைக் குஞ்சம் சுற்றிக் கிடந்தது. கிழிந்த மறுபாதி மகேசனின் தோளில்.

“அண்ணை, விளக்கை இழுத்து விழுத்தினது உங்கட பொன்னாடை.”

மகேசன் குத்துவதை நிறுத்திவிட்டு யோசித்தார். “அதுக்கு ஒரு விசாரணைக் குழு போடுவம் தங்கச்சி. ஆனா அடிச்சது சரி.”

வாசலில் நின்ற மண்டபப் பொறுப்பாளர் கையை மட்டும் நீட்டினார். புஷ்பவதி சாவியை வைத்தாள். பிறகு அலமாரியைத் திறந்து, பிள்ளைகளின் எழுத்து அட்டைகளைப் பெட்டியில் அடுக்கத் தொடங்கினாள்.

“அப்ப மிச்சப் பேச்சை எங்க வைக்கிறது?” என்றார் மகேசன்.

“ஹவானாவில.”