சாய்ந்தவர் கண்ணுக்கு

மூன்றாவது நாளும் திரைகளில் கறுப்பு வெள்ளைக் கோடுகள் ஓடின, பிறகு புள்ளிகள், பிறகு மறுபடியும் கோடுகள். ஓடாத சோதனை வண்டியின் ஓட்டுநர் இருக்கையில், தலை வரும் உயரத்தில் நிறுத்தியிருந்த கேமரா அத்தனையையும் படம் பிடித்து மடிக்கணினிக்கு அனுப்பியது. மூன்று புரொஜெக்டர்கள் மூன்று திரைகளில் காட்டும் துண்டுப் படங்களை ஒட்டுத் தெரியாமல் ஒரே சாலையாக்குவதுதான் கம்பெனி அனுப்பிய டெக்னீஷியனான அவளுடைய வேலை. கணக்கு முடிந்து பச்சை எரிந்தது. பிழை, திரைப் புள்ளி ஒன்றில் கால் பங்குக்கும் குறைவு. அவளுக்கு அழுகைதான் வந்தது. நேற்றும் இதே பச்சைதான் எரிந்தது; புகார் மட்டும் தீரவில்லை. ஆபீசிலிருந்து "முடிஞ்சுதா?" என்று நாலு செய்திகள் வந்து கிடந்தன.

பக்கவாதம் வந்து தேறியவர்கள் மறுபடி வண்டி ஓட்டலாமா என்று சோதித்துப் பார்க்கும் அறை அது. புகார் சொன்னவர் ஒரே ஒருவர், முப்பது வருஷம் லாரி ஓட்டியவர். நடுத் திரையும் இடது திரையும் சேரும் இடத்தில் ரோட்டோரக் கோடு வளைகிறது என்பார். அதை நம்பி ஸ்டியரிங்கைத் திருப்பி, ஓரத்தில் ஏறிவிடுவார். சோதனையில் இரண்டு முறை தோற்றாகிவிட்டது. இன்று கடைசி வாய்ப்பு.

மனைவியின் தோளைப் பிடித்துக்கொண்டு வந்து உட்கார்ந்தார். வெகுநேரம் பார்த்தார்.

"வளையுது." நாக்கு இன்னும் முழுதாகத் திரும்பவில்லை. அந்த ஒரு சொல்லுக்கே நேரம் பிடித்தது.

"மெஷின் சரின்னு சொல்லுதுல்ல? அப்ப பார்வையிலதான் கோளாறு. அப்படியே எழுதிடறேன்" என்றார் சோதனையை நடத்தும் தெரபிஸ்ட்.

"கண் டாக்டரும் சரின்னுதானேங்க சொன்னாரு?" என்றாள் மனைவி. "எல்லாமே சரின்னா இவரு என்ன பொய்யா சொல்றாரு?"

டெக்னீஷியனுக்குப் பொறுமை விட்டது. "கொஞ்சம் எந்திரிங்க ஐயா" என்று தானே உட்கார்ந்து பார்த்தாள். கோடு நூல் பிடித்த மாதிரி போயிற்று. "எனக்கு நேராத்தான் இருக்கு! எத்தனை தடவைதான் சொல்றது?"

குரல் உயர்ந்துவிட்டது. மனைவியின் முகம் சுருங்கியதைப் பார்த்ததும் அவள் நாக்கைக் கடித்துக்கொண்டாள். லாரிக்காரர் மறுபடி உட்கார்ந்தார். மனைவி பழக்கதோஷத்தில் அவர் அக்குளில் கைகொடுத்துத் தூக்கி, "நிமிந்து உக்காருங்க, நிமிந்து" என்று முணுமுணுத்தாள். கையை எடுத்ததும் அவர் மெல்ல இடப்பக்கம் சாய்ந்தார்.

மூன்று நாளாக அவள் திரையைப் பார்த்தாள், கேமராவைப் பார்த்தாள். உட்கார்ந்திருந்த ஆளைப் பார்க்கவே இல்லை. அவர் தலை இருக்கையின் நடுவிலிருந்து ஒரு சாண் தள்ளி இருந்தது.

அவரை எழுப்பிவிட்டு, கேமராவை அந்த ஒரு சாண் நகர்த்தி வைத்தாள். மடிக்கணினியில் கோடு, திரைகள் சேரும் இடத்தில், முழங்கை மாதிரி மடங்கியிருந்தது.

"ஐயா சொன்னது நிஜம்தான். அவரு தலை இருக்கிற இடத்துலேர்ந்து பார்த்தா வளையத்தான் செய்யுது."

"அப்ப அவர் நிமிரணும். அதானே சரி?" என்றார் தெரபிஸ்ட்.

"நிஜ ரோடு யாரு சாய்ஞ்சாலும் வளையாதுங்க. இந்த ரோடுதான் வளையுது."

தெரபிஸ்ட் கையைக் கட்டிக்கொண்டு ஒதுங்கி நின்றார். அவள் கேமராவை அங்கேயே வைத்து, கோடுகளை முதலிலிருந்து ஓடவிட்டாள். இருபது நிமிடம் ஆயிற்று.

சாய்ந்தபடியே லாரிக்காரர் வண்டியை எடுத்தார். திரைகள் சேரும் இடம் வந்தது. ஸ்டியரிங் அசையவில்லை. இருக்கைக்குப் பின்னால் நேராக நின்றிருந்த தெரபிஸ்ட் மட்டும் கண்ணைக் கசக்கிவிட்டு மறுபடி பார்த்தார்.

திரையில் முன்னால் ஒரு லாரி ஊர்ந்துகொண்டிருந்தது. லாரிக்காரர் ஸ்டியரிங்கின் நடுவில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினார். சத்தம் வரவில்லை.

"இதுல ஹாரன் இல்லைங்க ஐயா."

அவர் கோணிய உதட்டைக் குவித்து, "பாம்" என்றார். இன்னும் உரக்க, "பாஆம்!" மனைவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். முன்னால் போன லாரி வழி விடுவதாக இல்லை. அவர் இண்டிகேட்டரைப் போட்டு, கண்ணாடியை ஒரு பார்வை பார்த்து, வண்டியை மெல்ல வெளியே எடுத்தார்.